குடமுருட்டி மணலில் ஒரு கம்பு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பாலங்களை எண்ணிக்கொண்டே போகலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. நான் போனது மே மாதக் கடைசி. எல்லாவற்றிலும் மணல்தான். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 வாக்கில் திறப்பார்கள். அதுவரை ஆறெல்லாம் ஆடுகளுக்கும் கிரிக்கெட் பையன்களுக்கும் சொந்தம்.

ஐயாறப்பர் கோயில், அப்புறம் சூடாக ஒரு பொட்டலம் அசோகா அல்வா. இவ்வளவுதான் என் திட்டம். இரண்டாம் நாள் இருட்டு பிரியும் முன்பே சித்தி எழுப்பிவிட்டு, "சும்மாதானே கிடக்கிறே, கூட வா" என்று குடமுருட்டிக்குக் கூட்டிப்போனார்.

மணலில் எட்டுப் பெண்கள் சிலம்பக் கம்போடு நின்றார்கள். சித்தி ஒன்பதாவது ஆளாம்! ஐம்பத்தி நாலு வயது, எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சுடிதார், நைட்டிக்குக் கீழே டிராக் பேண்ட், புருஷன் சட்டை என்று ஆளுக்கொரு உடுப்பு. கம்பு நாலுதான் தேறும். ஒருவர் சுற்றினால் அடுத்தவர் கரையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்த ஒரு அக்கா கம்பைத் தொடவில்லை. படியில் உட்கார்ந்தபடி காலடி எண்ணிக்கொண்டிருந்தார். அவர் குரல் நின்றால் ஆட்டமும் நின்றுவிடுகிறது.

சின்ன வயதில் எங்கள் தெருவிலும் கம்பு சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று என்னை அனுப்பிவிட்டு அண்ணனைச் சேர்த்துக்கொண்டார். அண்ணன் மூன்றே வாரத்தில் நின்றுவிட்டான் என்பது வேறு கதை.

தரையிலிருந்து நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பைத் தேர்ந்து என் கையில் கொடுத்தார்கள். மண்ணைத் தொட்டு வணக்கம், பிறகு காலடி. மணலில் கால் புதைவதால் தரையில் ஆடுவதைவிட இரட்டிப்பு வேலை. கெண்டைக்கால் கதறியது. "இங்கே பழகினால் களத்துமேட்டில் பறக்கலாம்" என்றார் சித்தி. தண்ணீர் வந்ததும் அங்கேதான் மாறுவார்களாம்.

சுற்றுவது கூட ஒரு மாதிரி வந்தது. அடிக்கத்தான் வரவில்லை. எதிரே நின்ற அக்கா கம்பைக் குறுக்கே பிடித்து, "அடி" என்றார். மெதுவாகத் தட்டினேன். "விளையாடுறியா? ஓங்கி அடி, நான் தாங்குறேன்." மறுபடியும் தட்டல்தான்.

"எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான்மா. நமக்கு வாங்கித்தான் பழக்கம்" என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தரும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. புதிதாக வருகிறவர் பயமில்லாமல் ஓங்குகிற வரை, பழையவர்கள் முறை வைத்து எதிரே நின்று அடி தாங்குவதுதான் இங்கே முதல் பாடம். சித்தியின் விரல் முட்டிகளில் இருந்த கருப்புத் தழும்புகளை அடுப்படிக் காயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பதினைந்தாவது தடவையோ என்னவோ, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அக்காவின் கை அதிர்ந்தது. நான் பதறிப்போய்க் கம்பைக் கீழே போட்டேன். "எடு, எடு! இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்று படியிலிருந்து குரல் வந்தது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மணலில் கம்பு சுற்றியவர்களில் ஒருத்தியான பள்ளிக்கூடப் பெண் இதை வாய் ஓயாமல் சொன்னாள். பெரியவர்களுக்கு அதெல்லாம் பெரிதில்லை. வெயில் ஏறுவதற்குள் முடித்து நூறு நாள் வேலைக்கு ஓட வேண்டும்.

கிளம்புகிற அன்று நுனியில் விரிசல் விட்ட பழைய கம்பு ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அதைச் சீட்டுக்கு அடியில் நுழைக்கப் பார்த்தேன், முடியவில்லை. நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு ஃப்ரீ. கம்பு ஆம்பளையா, பொம்பளையாம்மா?"