லீமாவ் கஸ்தூரியும் முழுக்கோழி ரோஸ்டும்: செய்து பார்த்த அனுபவம்

ஓவனில் முழுக்கோழி வாட்டுவதற்கு மஞ்சள் எலுமிச்சைதான் வேண்டும் என்று எல்லாச் செய்முறையிலும் இருக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட் என்னும் ஊரில் இருந்துகொண்டு அதைத் தேடி ஈப்போ நகரத்துக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. இங்கே லீமாவ் கஸ்தூரி என்னும் குட்டி எலுமிச்சைக்குப் பஞ்சமே கிடையாது. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் வாசலில் தொட்டிக்குத் தொட்டி காய்க்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலேயே ஒரு பை நிறைய நீட்டிவிடுவார். பாசாரில் (சந்தையில்) லீமாவ் நிப்பிஸ் என்னும் பச்சை எலுமிச்சை, லீமாவ் பூருட் என்னும் வாசனை எலுமிச்சையின் இலை, சீனப் பெருநாள் வந்தால் பெட்டி பெட்டியாக மேன்டரின் ஆரஞ்சு. இவற்றை வைத்தே செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். இப்போது கை படிந்துவிட்டது, எழுதி வைக்கலாம்.

முதலில் கோழி. பாசாரில் தமிழ் முகத்தைக் கண்டாலே கோழிக்காரர் கத்தியைத் தூக்கிவிடுகிறார், குழம்புக்குத்தான் கேட்போம் என்று அவருக்கு ஒரு முடிவு. “தவுக்கே (முதலாளி), போத்தோங் (வெட்ட) வேண்டாம், முழுசா கொடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தலையும் காலும் எடுத்தபின் 1.5 கிலோ இருந்தால் நம் வீட்டுச் சின்ன ஓவனுக்குச் சரியாக இருக்கும். அதற்கு மேல் போனால் மேல்கம்பியில் இடிக்கும்.

பழத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் உப்பு. கிலோவுக்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.5 கிலோ கோழிக்கு 15 கிராம் தூள் உப்பு, ஏறக்குறைய இரண்டரை தேக்கரண்டி. மேலே, தொடை இடுக்கில், வயிற்றுக்குள் எல்லாம் தடவி, தட்டில் வைத்து, மூடாமல் ஐஸ் பெட்டியின் (குளிர்சாதனப் பெட்டியின்) அடித்தட்டில் ஓர் இரவு விட வேண்டும். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும், அப்புறம் அந்த உப்புத் தண்ணீரையே கறி திரும்ப உள்ளே வாங்கிக்கொள்ளும். காலையில் தோலைத் தொட்டால் விரலில் ஒட்டாது, லேசாக இறுகி வறண்டிருக்கும். அந்த வறட்சிதான் நமக்கு வேண்டியது.

கழுவுவது பற்றி வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. “மஞ்சள் போட்டுக் கழுவாம வச்சா கவிச்சி அடிக்கும்யா” என்றார் அம்மா. பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவும்போது தெறிக்கிற தண்ணீரில் கிருமியும் சேர்ந்து தொட்டி, பாத்திரம், பக்கத்தில் இருக்கும் காய்கறி எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. அதனால், “உப்போடயே மஞ்சளையும் சேர்த்துத் தடவிடுறேம்மா, கழுவ வேண்டாம்” என்றேன். “சரி, வயித்துக்குள்ள நாலு பல்லு பூண்டும் வை” என்றார். கால் தேக்கரண்டி மஞ்சள் போதும். தோலுக்கு நல்ல நிறமும் வருகிறது. பூண்டு யோசனை அருமையானது, அதை இன்றுவரை விடவில்லை.

இனி பழம். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதில்தான் இருக்கிறது. கோழி என்றால் சாற்றைப் பிழிந்து ஊற வைப்பது நம் வழக்கம். வெட்டிய துண்டுகளுக்கு, அதுவும் அரை மணி நேரத்துக்கு, அது நன்றாகவே வேலை செய்யும். தோலோடு வாட்டும் முழுக்கோழிக்கு அது ஒத்துவரவில்லை. சாறு தடவியதையும் தடவாததையும் செய்து பார்த்தேன். சாறு தடவிய கோழியின் தோல் வெளுத்து, தொளதொளவென்று வந்தது. ஈரம் முழுக்க ஆவியாகும்வரை தோலின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, தாண்டாமல் சிவக்காது. போதாக்குறைக்குப் புளிப்பும் சிவப்பதைத் தாமதப்படுத்துகிறது. இரவு முழுக்கச் சாற்றில் கிடந்தால் கறியின் மேல்பகுதி மாவு மாதிரி ஆகிவிடும்.

வாசனை இருப்பது தோலில். ஒரு லீமாவ் கஸ்தூரியை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், பச்சைத் தோலிலிருந்து நுண்ணிய துளிகள் பீய்ச்சி அடிக்கும், கை கழுவின பிறகும் மணம் போகாது. அந்த எண்ணெய் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால் நெய். வெண்ணெயை விட நெய் எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் பால் கசடு இல்லாததால் ஓவன் சூட்டில் கருகுவதில்லை.

லீமாவ் கஸ்தூரியின் தோல் மிக மெல்லியது, துருவியில் துருவ வராது. பழத்தைப் பாதியாக வெட்டிச் சாற்றைத் தனியே பிழிந்து வைத்துக்கொண்டு (விதை அதிகம், வடிகட்டிக்கொள்ளுங்கள்), தோலின் உள்பக்கச் சவ்வைக் கரண்டியால் வழித்துவிட்டு, தோலைப் பொடியாக நறுக்குகிறேன். ஏழெட்டுப் பழத்தின் தோல், இரண்டு மேசைக்கரண்டி நெய், நசுக்கிய பூண்டு, ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு, காம்பு நரம்பை உருவிவிட்டு மயிரிழையாக நறுக்கிய லீமாவ் பூருட் இலை மூன்று. இலையில் கை தாராளம் வேண்டாம், கூடினால் தைல வாடை அடிக்கும். லீமாவ் நிப்பிஸ் என்றால் துருவலாம், பச்சைப் பகுதியை மட்டும். வெள்ளைக்கு இறங்கினால் கசப்பு.

நெஞ்சுப் பக்கத் தோலுக்கும் கறிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. கழுத்துப் பக்கமிருந்து விரலை மெதுவாக நுழைத்தால் விட்டுக்கொடுக்கும், மோதிரத்தைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். தொடைவரை போகலாம். நெய்க் கலவையை உள்ளே வைத்து, வெளியிலிருந்து தோலை நீவிவிட்டால் பரவிவிடும். வாடும்போது நெய் உருகிக் கறியை நனைக்கும், தோல் உள்ளிருந்தே பொரியும்.

மேன்டரின் கிடைக்கும் நாட்களில் ஒன்றை நாலாக வெட்டி வயிற்றுக்குள் வைக்கிறேன். இறுக்கித் திணிக்கக் கூடாது, சூடான காற்று உள்ளே போய்வர இடம் வேண்டும். வட்டமாக வெட்டி மேலே அடுக்கினால் படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் சின்ன ஓவனில் அதன் சர்க்கரை சீக்கிரமே கருகுகிறது.

எங்கள் ஓவன் தீபாவளிப் பலகாரத்துக்காக வாங்கிய மேசை ஓவன். மேல்கம்பி கோழிக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் அடித்தட்டில்தான் வைப்பேன். 220 டிகிரியில் நன்றாகச் சூடேற்றி, முதல் 20 நிமிடம் அதே சூட்டில், அப்புறம் 190க்குக் குறைத்து இன்னும் 45 முதல் 50 நிமிடம். நெஞ்சு முன்னதாகச் சிவந்துவிட்டால் அலுமினியத் தாளை லேசாகப் போர்த்திவிடலாம். தட்டில் கோழிக்கு அடியில் உருளைக்கிழங்கும் பெரிய வெங்காயமும் போட்டுவிடுங்கள். சொட்டுகிற நெய்யும் கொழுப்பும் வீணாகாது, புகையும் அடங்கும்.

வெந்ததா என்பதற்கு நேரத்தை நம்ப வேண்டாம், ஓவனுக்கு ஓவன் மாறும். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை. தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும். இளங்கோழியில் அந்தச் சூடு வந்த பிறகும் எலும்பு ஓரத்தில் சிவப்பாக இருக்கலாம். எலும்பு மஜ்ஜையின் நிறம் அது. அம்மா அதைப் பார்த்துத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார், வெப்பமானியைக் காட்டிய பிறகுதான் சாப்பிட்டார்.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள், 15 நிமிடம் விடுங்கள். எடுத்து வைத்த சாற்றுக்கு இப்போதுதான் வேலை. தட்டில் இறங்கியதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மேலே மிதக்கும் கொழுப்பைப் பாதி எடுத்துவிட்டு, லீமாவ் கஸ்தூரிச் சாறு, கீறிய சில்லி பாடி (காரமான குட்டி மிளகாய்) இரண்டு, ஒரு சிட்டிகை சீனி. அடுப்பில் வைக்க வேண்டாம், பச்சையாகவே கலந்து கறிமேல் ஊற்றலாம். சமைக்காத சாற்றின் புளிப்பு நெய்க் கொழுப்பை வெட்டிக்கொண்டு வரும், தோலும் மொறுமொறுவென்றே இருக்கும். சுடுசோற்றுக்கு இதுவே போதும்.

கம்பத்துக் கோழியிலும் (நாட்டுக்கோழி) செய்யலாமா என்று வீட்டில் கேட்டார்கள். செய்து பார்த்தேன், கறி ருசி கூடுதல், ஆனால் கொழுப்பு குறைவு, நார் கெட்டி. இந்தச் சூட்டில் தொடை விறைத்துவிடுகிறது. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பாட்டி விறகடுப்பில் மணிக்கணக்காக வைத்த குழம்புக்குத்தான் அந்தக் கோழி சரி. ரோஸ்டுக்குப் பாசார் கோழியே போதும்.

மிச்ச எலும்பைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சீரகம், மிளகு, பூண்டு தட்டிப் போட்டுக் கோழி ரசம் வைத்தால் லீமாவ் பூருட் வாசனை அதிலும் இறங்கியிருக்கும். வயிற்றுக்குள் வெந்த மேன்டரினை மட்டும் எடுத்துவிடுங்கள், கொதிக்கக் கொதிக்கக் கசப்பு விடும்.

அடுத்து ஈப்போ பக்கத்துத் தம்பூனில் விளையும் லீமாவ் பாலி என்னும் பம்ப்ளிமாஸ் பழத்தில் செய்து பார்க்க எண்ணம். அதன் தோலில் வெள்ளைப் பகுதி விரல் தடிமன் இருக்கிறது, அதனால் மேல்தோலை உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியால் மெல்லிசாகச் சீவித்தான் எடுக்க வேண்டும். சுளைகளை உதிர்த்து, வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பக்கத்தில் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஈப்போ போகிற அண்ணனிடம் பழம் சொல்லி வைத்திருக்கிறேன்.