மரம் இரண்டான கதை

"மாமா, மரத்தைப் பாருங்கோ."

மருமகன் மவுஸை ஒரு இழுப்பு இழுத்தான். கேமில் நின்ற மரத்தின் மேல்பாதி ஒரு பக்கம், அடிப்பாதி இன்னொரு பக்கம். மதிலில் இரண்டு துண்டாகக் கோணல்மாணலாய் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி.

மொனிட்டர் ஒரு படத்தை வரைந்து முடிக்குமுன்னே கம்ப்யூட்டருக்குள் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்ட் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. அதுதான் இந்தக் கிழிசல். கார்டின் வேகத்துக்கே தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் மொனிட்டர் தேடித்தான் இன்று கிளிநொச்சிக்குப் போனோம்.

அந்த வசதிக்கு ஒரு பெயர் 'ஃப்ரீசிங்க்'. கடைக்காரத் தம்பி பெட்டியில் இருந்த அந்த ஸ்டிக்கரைக் காட்டி, "எல்லாம் இருக்கு அண்ணை" என்றார்.

சரி, எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து, அதாவது செக்கனுக்கு எத்தனை படத்திலிருந்து, எத்தனை வரை?

போனில் தேடிப் பார்த்தால் 48 முதல் 75.

மருமகனின் பழைய கார்ட் பெரிய கேம்களில் செக்கனுக்கு 40 படம் தந்தாலே பெரிய காரியம். 48க்குக் கீழே போனால் இந்த மொனிட்டர் கையை விரித்துவிடும். 48 முதல் 144 வரை போகிறது என்றால், ஒவ்வொரு படத்தையும் இரண்டு தரம் காட்டி 80இல் ஓட்டிச் சமாளிக்கும். 75க்குள் 80 எப்படி அடங்கும்?

(ஃப்ரீசிங்க் ஏ.எம்.டி கம்பனியின் வசதி; அவனுடைய கார்ட் போட்டிக் கம்பனியான என்விடியாவினுடையது. ஆனாலும் 2019 முதல் அதன் 10ஆம் வரிசைக் கார்டுகளும் இப்படியான மொனிட்டர்களோடு ஒத்துப்போகும். கார்டையும் மொனிட்டரையும் இணைக்க டிஸ்ப்ளே போர்ட் வயர் முக்கியம்.)

காசு கொஞ்சம் கூடத்தான். 144ஐயே எடுத்தோம்.

பரந்தன் தாண்டி ஒழுங்கைக்குள் இறங்கியதும், பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி "மாமா கிடங்கு, மாமா கிடங்கு" என்று ஒரே கத்தல்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை.