தேங்கிய அட்டைகளும் வடிந்த ஆர்வமும்: வேலைக்குப் போய்க்கொண்டே ஜேஎல்பிடி என்-4 படிப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள், ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்-5ஐ முடித்துவிட்டு, அடுத்த நிலையான என்-4இன் நடுவழியில் நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது. கேட்டால் "ஆர்வம் போயிடுச்சு" என்பார்கள். கைப்பேசியை வாங்கிப் பார்த்தால் ஆங்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் 600, 700 அட்டைகள் தேங்கிக் கிடக்கும். முதலில் அட்டை தேங்கியிருக்கும், ஆர்வம் அதற்குப் பிறகுதான் போயிருக்கும். எனவே மனத்தைத் திட்டுவதற்கு முன் கணக்கைச் சரிபார்ப்பது நல்லது.

ஆங்கி என்பது 2006இல் டேமியன் எல்ம்ஸ் தொடங்கிய திறமூல மென்பொருள். ஒரு சொல் மறக்கும் தறுவாயில் அதைத் திரும்பக் கண்முன் கொண்டுவரும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் ஒருமுறை பணம் கட்ட வேண்டும், அந்த வருமானம் மென்பொருளின் வளர்ச்சிக்கே போகிறது. நிறுவியதும் நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவதுதான் முதல் சிக்கல். நாளுக்கு 20 புதிய சொற்கள் என்றால் சில வாரங்களிலேயே அன்றாடம் 150 முதல் 200 பழைய அட்டைகள் திரும்பி வரும். அட்டைக்கு எட்டு, பத்து வினாடி வைத்தாலும் அரை மணி நேரம் போய்விடும். தெம்பனிஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேசுக்கு எம்ஆர்டியில் உட்கார இடம் கிடைத்த நாளில் இதை முடிக்கலாம். ஓவர்டைம் பார்த்துவிட்டு வரும் நாளில் முடியாது. இரண்டு நாள் விட்டால் 400 ஆகும், அதைப் பார்த்ததும் மூன்றாம் நாள் செயலியைத் திறக்கவே கை வராது.

என்-4க்குச் சுமார் 1500 சொற்களும் 300 கஞ்சி எழுத்துகளும் (சீனத்திலிருந்து வந்த எழுத்துகள்) வேண்டும் என்பது பொதுவான கணிப்பு. 2010இல் தேர்வு மாற்றியமைக்கப்பட்டபின் அதிகாரப்பூர்வச் சொற்பட்டியல் வெளியிடப்படுவதில்லை. என்-5இன் 800 சொற்கள் கையில் இருந்தால் மிச்சம் 700. நாளுக்கு எட்டு வீதம் 88 நாளில் முடிந்துவிடும். டிசம்பர் முதல் ஞாயிறு தேர்வு என்றால் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிக்கலாம், கடைசி இரண்டு மூன்று வாரம் மாதிரித் தேர்வுக்கு மிஞ்சும். கஞ்சிக்குத் தனி அட்டைக்கட்டு வேண்டாம். சொல்லோடு சேர்த்தே எழுத்தைப் படித்தால் போதும், இந்தத் தேர்வில் கையால் எழுதும் பகுதியே கிடையாது.

டெக் ஆப்ஷன்ஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். 2023இல் வந்த 23.10 பதிப்பிலிருந்து எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கால அட்டவணை முறை ஆங்கிக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்குங்கள். "நினைவில் நிற்கும் அளவு" (டிசயர்ட் ரிடென்ஷன்) 0.90 என்று இருக்கும். நேரம் குறைந்தவர்கள் 0.85க்கு இறக்கலாம், அன்றாடச் சுமை கண்ணுக்குத் தெரியக் குறையும். 0.95க்கு மேல் ஏற்றினால் சுமை செங்குத்தாக ஏறும், அதற்கேற்ற பலன் கிடைக்காது. விடையைப் பார்த்தபின் எவ்வளவு நினைவிருந்தது என்று குறிக்கும் பொத்தான்களில் பலரும் தவறுவது ஹார்டில். சொல் நினைவுக்கு வராதபோது அகெய்ன் அழுத்த மனமில்லாமல் ஹார்ட் அழுத்துவார்கள். மென்பொருளோ அதை "தடுமாறினாலும் தெரிந்தது" என்றே எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டும், மொத்தக் கணிப்பும் கெட்டுப்போகும். மறந்திருந்தால் அகெய்ன், தெரிந்திருந்தால் குட். இந்த இரண்டு பொத்தானே போதும்.

ஏற்கெனவே தேங்கிவிட்டவர்கள் அட்டைக்கட்டை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அதுவரை சேர்ந்த நினைவுக் கணக்கு முழுவதும் போய்விடும். புதிய அட்டைகளின் எண்ணிக்கையை 0 ஆக்குங்கள். ஒரு நாளின் மீள்பார்வைக்கு 120 என்று வரம்பு வையுங்கள். நினைவிருக்க அதிக வாய்ப்புள்ள அட்டைகள் முதலில் வரும்படி வரிசையை மாற்றுங்கள். அப்போது இன்னும் பிடிப்புள்ள சொற்கள் முதலில் காப்பாற்றப்படும், போனவை போனவையாகக் காத்திருக்கும். மலைபோல் தெரிந்தது சில வாரங்களில் கரையும். அது கரையும்வரை புதிதாக ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

ஒரே சொல் எட்டு முறை தவறினால் ஆங்கி அதை "லீச்" என்று குறித்து நிறுத்திவைக்கும். அதோடு மல்லுக்கட்டுவது வீண், அட்டையைத்தான் மாற்ற வேண்டும். தமிழர்களுக்கு லீச் உருவாக ஒரு தனிக் காரணம் உண்டு. ஜப்பானிய உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் அது. "பள்ளிக்கூடம்", "தோற்றம்" இரண்டுக்குமான ஜப்பானியச் சொற்கள் தமிழில் எழுதினால் "கக்கோ" என்றே வரும். முதலாவது "தங்கம்" என்பதில் வரும் ககர ஒலியில் தொடங்குகிறது, இரண்டாவது "கல்" என்பதில் வரும் ககர ஒலியில். நம் எழுத்து அந்த வேறுபாட்டைக் காட்டாது. குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும் நமக்கு இயல்பாக வரும், ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர் அதற்கே திணறுவார். ஒலிப்பு வேறுபாட்டில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். உச்சரிப்பை ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானாவில் மட்டும் எழுதி, ஒலிப்பதிவு சேர்த்த அட்டையாக வையுங்கள்.

ஆனால் பொருளைத் தமிழில் எழுதுவது பெரிய லாபம். என்-4 இலக்கணத்தில் ஆங்கிலப் பாடநூல்கள் பக்கக்கணக்கில் விளக்கும் துணைவினைகள் நமக்குக் கைவந்தவை. "தபெதே மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். "கத்தே ஒகு" என்றால் வாங்கி வை. "தபெதே ஷிமவு" என்றால் சாப்பிட்டுவிடு. பார், வை, விடு என்று நாம் வினைக்குப் பின்னால் சேர்ப்பதையே அவர்களும் சேர்க்கிறார்கள். கடைசிச் சொல் தனியாக வரும்போது "எடுத்து வை", "முடி" என்று பொருள்படும், ஆனால் துணைவினையாக வரும்போது நம் "விடு"வைப் போலவே முடிந்ததையும், சில இடங்களில் வருத்தத்தையும் சேர்த்துச் சொல்லும். உடைந்தது, உடைத்தான் என்ற வேறுபாடு தெரிந்தவருக்கு "கொவரெரு", "கொவசு" இணையும் புதிதல்ல. சறுக்கும் இடம் வேற்றுமை உருபு. "எனக்குப் பிடிக்கும்", "எனக்குப் புரியும்" என்று நான்காம் வேற்றுமை வைத்துப் பழகியதால் ஜப்பானியத்திலும் "நி" போடத் தோன்றும். அங்கே ஆளுக்கு "வ", பொருளுக்கு "க". இந்த வகைக்கு மட்டும் பத்து வாக்கியங்களைத் தனி அட்டையாக்கி வையுங்கள்.

அட்டைகளை நீங்களே செய்வதற்கு யோமிடான் உதவும். யோமிச்சான் என்ற பழைய உலாவி நீட்சியின் பணி 2023இல் நின்றபின் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தும் திறமூலப் பிரதி அது. நிறுவியதும் சொல் காட்டாது, அகராதியைத் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் சேர்ப்பது ஜேஎம்டிக்ட், 1991இல் ஜிம் பிரீன் தொடங்கிய பணியின் இன்றைய வடிவம். பிறகு கணினி ஆங்கியில் 2055492159 என்ற எண்ணைக் கொடுத்து ஆங்கிகனெக்ட் நீட்சியைச் சேர்த்தால், இணையப் பக்கத்தில் ஷிஃப்ட் பிடித்துச் சொல்லின்மேல் சுட்டியை வைத்து ஒரு சொடுக்கில் அட்டை ஆக்கலாம். ஆங்கி திறந்திருக்காவிட்டால் இது வேலை செய்யாது. தமிழ்ப் பொருள் தானாக வராது, அந்தப் பெட்டியை நீங்களே நிரப்ப வேண்டும். அந்த இருபது வினாடி வேலையிலேயே பாதி மனப்பாடம் ஆகிவிடும்.

இப்படி நிரப்பிய தமிழைத் தனக்கே வைத்துக்கொள்ளாதவர்கள் நீண்ட நாள் நிலைக்கிறார்கள் என்பது எங்கள் உறுதியான எண்ணம். டடோயெபா என்ற திறந்த வாக்கியத் தொகுப்பில் ஜப்பானிய வாக்கியங்கள் ஏராளம், தமிழ் வாக்கியங்கள் மிகக் குறைவு. கணக்குத் தொடங்கி, ஜப்பானிய வாக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். எதிர்த்திசையில் செய்யாதீர்கள், கற்றுக்கொண்டிருக்கும் மொழியில் எழுதிய வாக்கியம் அடுத்த மாணவரைக் கெடுக்கும். பாடநூல் வாக்கியங்களையும் ஏற்றக்கூடாது, பதிப்புரிமை இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து வாக்கியம் போதும். சந்தேகம் வந்தால் அந்த வாக்கியத்தின் கீழேயே கேளுங்கள். ஜப்பானியர்களும் அங்கே இருக்கிறார்கள். மென்பொருளில் பழுது கண்டால் பதிப்பு எண், சாதனம், நீங்கள் செய்தது, நடந்தது ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள். "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது.

மதிப்பெண்ணில் ஒரு பொறி இருக்கிறது. என்-4இல் மொத்தம் 180க்கு 90 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் கேட்டலில் 60க்கு 19ம், சொல்-இலக்கணம்-வாசிப்பில் 120க்கு 38ம் தனித்தனியாக வேண்டும். மொத்தம் 110 எடுத்தும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். எனவே வீட்டில் பயிற்சி செய்யும்போதும் முதல்முறை நிறுத்தாமல் கேட்டு விடையைக் குறித்துவிட்டு, பிறகே எழுத்து வடிவத்தைப் பாருங்கள். அடுத்த நாள் அதே பதிவை எழுத்தில்லாமல் மறுபடி கேளுங்கள். வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கதகானாவை வாசிக்கும் வேகம் போதவில்லை என்றால் டோன் டோன் டோங்கி என்ற ஜப்பானியக் கடையில் மாலை நேரத்தில் ஒரு வரிசை பொட்டலங்களை வாசித்துப் பாருங்கள்: சாஸ், சீஸ், சாக்லேட் என்று பாதிக்கு மேல் உங்களுக்குத் தெரிந்த சொற்களே இருக்கும்.

தேர்வுக்குப் பிறகு முடிவு வர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். வகுப்பும் தேதியும் இல்லாத அந்த இடைவெளியில்தான் பழக்கம் அறுந்துபோகிறது. அந்த இரண்டு மாதமும் புதிய அட்டை 0, நினைவு அளவு 0.85, டடோயெபாவில் வாரத்துக்கு ஐந்து வாக்கியம் என்று வையுங்கள். பழைய அட்டைகள் நாளாக நாளாக நாற்பது ஐம்பதாகக் குறைந்து, பத்து நிமிடத்தில் முடியும். முடிவு வந்த வாரமே என்-3 அட்டைகளை நாளுக்கு ஐந்து என்று திறந்துவிடலாம்.