ஒல்லி ராபின்சன் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆறாத ஒன்று

2021 ஜூன் 2, லண்டன் லார்ட்ஸ் மைதானம். வேகப்பந்து வீச்சாளர் ஒல்லி ராபின்சன் இங்கிலாந்துக்காக ஆடிய முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம். காலையில் பாகுபாட்டுக்கு எதிரான வாசகம் போட்ட டி-சர்ட்டில் அணியோடு நின்றார். சாயங்காலத்துக்குள் அவருடைய பழைய ட்வீட்கள் எங்கும் பரவிவிட்டன. 2012, 2013-ல் எழுதியவை. முஸ்லிம்களையும் ஆசியர்களையும் பெண்களையும் கேவலப்படுத்தியவை. அன்றே மன்னிப்புக் கேட்டார். அந்த ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்தும், ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் இடைநீக்கம்.

உடனே அப்போதைய பிரிட்டன் கலாச்சாரத் துறை அமைச்சர் ஆலிவர் டவுடன், இது அளவுக்கு மீறிய நடவடிக்கை என்றார். அப்போதைய பிரதமர் போரிஸ் ஜான்சன் தரப்பும் அதையே சொன்னது. "பதின்வயதில் எழுதியது, விடுங்கள்" என்று ஆளாளுக்குப் பரிந்தார்கள்.

சரி, பதினெட்டு வயதில் எழுதியதற்காக ஒருவரின் வாழ்க்கையையே முடிக்க வேண்டாம். நானும் அதைக் கேட்கவில்லை. அப்புறம் வந்த தண்டனையும் எட்டு ஆட்டத் தடைதான், அதிலும் ஐந்து ஆட்டத்துக்கான தடை நிறுத்திவைப்பு. ஆகஸ்டில் இந்தியாவுக்கு எதிராக ஆடவே செய்தார்.

ஆனால் அந்த வாரம் முழுக்க அவருடைய வயதையும் எதிர்காலத்தையும் பற்றித்தான் பேச்சு. அதே பதினெட்டு வயதில் இங்கிலாந்தின் உள்ளூர் கவுண்டி அணியில் இடம் தேடும் ஒரு ஆசியப் பையன் அந்த வரிகளைப் படித்தபோது என்ன நினைத்திருப்பான்? அவனிடம் யாராவது கேட்டார்களா?