துவக்கைத் தூக்கும் முன்பே தெரிபவை

“சோலி சுரட்டுக்குப் போகாத ஆள், இப்படிச் செய்வார் என்று யார் கண்டது?” ஒருவர் துவக்கோடு வந்து பலரைச் சுட்டுத் தள்ளிய மறுநாள் அயலவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் விசாரணைக் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் எதையோ கண்டிருப்பார், கேட்டிருப்பார்.

இதை அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அந்த நாட்டின் இரகசிய சேவையும் கல்வித் திணைக்களமும் சேர்ந்து 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. 1974 முதல் 2000 வரை பாடசாலைகளில் நடந்த 37 தாக்குதல்கள், அவற்றைச் செய்த 41 பேர். 81 வீதமான சம்பவங்களில், நடக்கப் போவதைப் பற்றிக் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. 59 வீதமானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. 2018இல் வெளியிட்ட ஆய்வு, 2000 முதல் 2013 வரை சுட்ட 63 பேரை எடுத்துப் பார்த்தது. ஒவ்வொருவரிடமும் சராசரியாக நான்கைந்து கவலைக்குரிய நடத்தைகளைச் சுற்றியிருந்தவர்கள் கண்டிருந்தார்கள். 83 வீதமான சம்பவங்களில் கண்டவர் அந்த ஆளிடமே பேசிப் பார்த்திருக்கிறார். பொலிஸ் வரை தகவல் போனது 41 வீதத்தில்தான். 54 வீதத்தில் கண்டவர்களில் யாரோ ஒருவராவது ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டார்.

ஆக, அறிகுறி தெரியுமா என்ற கேள்விக்கு “தெரியும்” என்பதே பதில். எதைப் பார்ப்பது, பார்த்ததை என்ன செய்வது என்பதில்தான் பிழை நடக்கிறது.

இது எங்கள் ஊர்களுக்குத் தூரத்து விஷயமும் அல்ல. 2021 டிசம்பர் 24 இரவு அம்பாறை மாவட்டம் திருக்கோவில் பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் சக பொலிஸார் மீது சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். விடுமுறை தொடர்பான தகராறு என்றே செய்திகள் வந்தன. எங்கள் நாட்டில் உரிமம் இல்லாமல் பொதுமகன் துவக்கு வைத்திருக்க முடியாது. அதனால் ஆயுதம் கையில் இருப்பவர்கள் பொலிஸார், படையினர், பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்ற கமக்காரர், கள்ளத் துவக்கு வைத்திருப்பவர் என்று சில வகையினர்தான். இவர்களில் ஒருவர் கொதித்துப் போயிருந்தால், முதலில் காண்பவர் கூடவே வேலை செய்பவர் அல்லது வீட்டில் இருப்பவர். செய்யவேண்டிய முதல் வேலை ஆளுக்குப் புத்தி சொல்வதல்ல, ஆளையும் ஆயுதத்தையும் பிரிப்பது. சீருடைக்காரர் என்றால் ஆயுதம் இல்லாத கடமைக்கு மாற்றும்படி மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். வீட்டில் உரிமத் துவக்கு இருந்தால் தோட்டாவை வேறிடத்தில் பூட்டிவைத்து, துவக்கை ஒப்படைத்து வைப்பது பற்றிப் பொலிஸ் நிலையத்தில் பேச வேண்டும்.

இனி அறிகுறிகள். முதலாவது, வாயால் வருவது. திட்டம் போடுகிறவர்கள் அதை முழுதாக மனதுக்குள் பூட்டி வைத்திருப்பது அரிது. யாரைச் சுடப்போகிறார்களோ அவரிடம் சொல்ல மாட்டார்கள். கூட்டாளியிடம், தம்பியிடம், வட்ஸ்அப் குழுவில், ஒன்லைன் விளையாட்டின் அரட்டையில் சொல்வார்கள். “வெள்ளிக்கிழமை நீ பள்ளிக்கூடம் வராதே” என்று ஒரு பையன் தன் கூட்டாளியைக் காப்பாற்றச் சொல்லும் சொல், பத்து மிரட்டலைவிடக் கனமானது.

“உன்னைக் கொண்டுபோடுவன்” என்பது எங்கள் வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை விழும் பேச்சு. அதற்கும் ஆபத்தான பேச்சுக்கும் வித்தியாசம் காண நான்கு விஷயங்களைப் பார்க்கலாம்: ஆள், இடம், நாள், ஆயுதம். கோபப் பேச்சில் இவை இருக்காது, அடுத்த நாள் தணிந்தும் விடும். ஒருவருடைய பேச்சில் இந்த நான்கும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டு போனால் அது திட்டமாகிக்கொண்டிருக்கிறது. எஃப்.பி.ஐ. ஆய்வில், திட்டமிட்ட காலம் தெரிந்தவர்களில் 77 வீதமானோர் ஒரு கிழமை அல்லது அதற்கு மேல் திட்டமிட்டிருந்தார்கள். ஒரு கிழமை என்பது தலையிடப் போதுமான காலம்.

இரண்டாவது, தயாரிப்பு. திடீரென்று ஆயுதம் தேடுவது, கட்டுத்துவக்கோ ரி-56 ரகத் தானியங்கித் துவக்கோ எங்கே எடுக்கலாம் என்று விசாரிப்பது, பழைய தாக்குதல்களின் வீடியோக்களை ஓயாமல் பார்த்துச் செய்தவரைப் புகழ்வது, தனக்கு வேலையில்லாத இடத்துக்குப் போய் வாசல்களையும் நேரத்தையும் விசாரிப்பது, ஒத்திகை பார்ப்பது. 2019 ஏப்ரல் 16ஆம் திகதி காத்தான்குடிப் பக்கம் பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்தது. அது ஒத்திகை என்பது ஐந்து நாள் கழித்து, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறு அன்றுதான் எல்லோருக்கும் விளங்கியது.

மூன்றாவதை நாங்கள் ஆபத்தாகவே எடுப்பதில்லை: சாக நினைப்பது. 2002 ஆய்வில் தாக்கியவர்களில் 78 வீதமானோர் முன்பே தற்கொலைக்கு முயன்றவர்கள் அல்லது அதைப் பற்றி நினைத்தவர்கள். அருமையாய் வைத்திருந்த பொருளைத் தூக்கிக் கொடுப்பது, கடனைத் தீர்த்துவிட்டுப் பிரியாவிடை போலப் பேசுவது, “இனி எனக்கு ஒண்டும் தேவையில்லை” என்று சொல்வது. இப்படிச் செய்யும் ஆளுக்கு யார் மீதாவது தீராத வன்மமும் இருந்தால் தாமதிக்கவே கூடாது. சாக நினைக்கிறாயா என்று நேரே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு வீட்டாரும் அழைத்துப் பேசலாம்.

எது அறிகுறி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிழக்கு மாகாணம் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவு காவலரணில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். சந்தேகம் நேரே முன்னாள் போராளிகள் மீது போனது. ஒருவர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார். செய்தது, உயிர்த்த ஞாயிறு தாக்குதலை நடத்திய சஹ்ரானின் குழு என்பது அந்தத் தாக்குதலுக்குப் பிறகே வெளியே வந்தது. ஆளின் பழைய அடையாளத்தைப் பார்த்ததால் ஒரு குற்றமற்றவர் உள்ளே இருந்தார், உண்மையான கொலைகாரர்களுக்கு ஐந்து மாதம் கிடைத்தது. 2019 மே மாதம் ஹசலக்கையில், உடையில் இருந்த கப்பல் சுக்கானைத் தர்மச்சக்கரம் என்று நினைத்து ஒரு முஸ்லிம் பெண்ணைக் கைதுசெய்தார்கள். தாடி, அபாயா, சாதி, ஊர், இயக்கத்தில் இருந்தது, தனியாக இருக்கும் சுபாவம், மனநோய்க்கு மருந்து எடுப்பது, இவை எதுவும் அறிகுறி அல்ல. எஃப்.பி.ஐ. பார்த்த 63 பேரில், முன்பே மனநோய் என்று வைத்தியர் கண்டறிந்திருந்தது கால்வாசிப் பேரிடம்தான். அமெரிக்க இரகசிய சேவையும் “இப்படிப்பட்ட ஆள்தான் சுடுவான்” என்று ஒரு சாயலை வரைய முடியாது என்றே முடித்தது. நடத்தையைப் பாருங்கள், ஆளின் பேரைப் பார்க்காதீர்கள்.

உயிர்த்த ஞாயிறான 2019 ஏப்ரல் 21 காலை மட்டக்களப்பு சீயோன் தேவாலய வாசலில் நின்றவர்கள் பார்த்ததும் நடத்தையைத்தான். பாரமான பையோடு வந்த, முன்பின் தெரியாத ஒருவர் ஆராதனை எப்போது தொடங்கும் என்று விசாரித்தார். பையில் என்ன என்று கேட்டபோது, படம் பிடிக்கக் கமரா என்றார். அனுமதி வாங்காமல் முடியாது என்று அவரை உள்ளே விடாமல் மறித்தார்கள். குண்டு வெளியே வெடித்தது. மறித்தவரும், பிள்ளைகள் பலரும் உட்பட முப்பது பேரளவில் இறந்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள்.

சாய்ந்தமருதிலும் அப்படித்தான். ஏப்ரல் 26 அன்று வொலிவேரியன் கிராமத்தில் வாடகைக்கு வந்திருந்த புது ஆட்கள் மீது ஊரவர்களுக்குச் சந்தேகம் வந்து தகவல் போனதால்தான் சஹ்ரானின் ஆட்கள் ஒளிந்திருந்த அந்த வீடு அகப்பட்டது. தகவல் கொடுத்தவர்களும் முஸ்லிம்களே.

ஆனால் சொன்னால் மட்டும் போதாது. 2017 மார்ச் 10இல் காத்தான்குடி அலியார் சந்தியில் சஹ்ரானின் ஆட்கள் வாளோடு மோதியதற்கு முன்னும் பின்னும் அந்த ஊர் மக்கள் முறைப்பாடு செய்தார்கள், ஆர்ப்பாட்டமும் செய்தார்கள். 2019 ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12இல் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்த்தது இந்த அலட்சியத்துக்காகத்தான். அமெரிக்காவில், புளோரிடாவின் பார்க்லாண்ட் பாடசாலையில் ஓர் இளைஞன் சுட்டபோதும் இதுவே நடந்திருந்தது. 2018 ஜனவரி 5இல் ஒருவர் எஃப்.பி.ஐ.க்கு அழைத்து, அந்த இளைஞனிடம் துவக்கு இருப்பதையும் கொல்லும் ஆசை இருப்பதையும் சொன்னார். தகவல் மயாமி அலுவலகத்துக்குப் போகவே இல்லை. பெப்ரவரி 14இல் 17 பேர் செத்தார்கள்.

அதனால், தட்டிக்கழிக்க முடியாதபடி சொல்லப் பழக வேண்டும். “அவன் ஒரு மாதிரியான ஆள்” என்று சொன்னால் எந்தப் பொலிஸாரும் புத்தகத்தில் எழுதமாட்டார்கள். திகதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, கூட இருந்து கேட்டவர் யார், ஆயுதம் கண்ணால் கண்டதா கேள்விப்பட்டதா, இவற்றை அன்றே எழுதி வையுங்கள். பேஸ்புக் பதிவு என்றால் பெயரும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அதை மற்றக் குழுக்களுக்கு அனுப்பவே வேண்டாம், அனுப்பினால் ஆள் உஷாராகி அழித்துவிடுவார், அல்லது ஒன்றும் செய்யாத ஒருவரின் வீட்டுக்குக் கல் விழும். ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தால் நீங்களே போய்க் கேட்கப் போகாதீர்கள். உடனடி ஆபத்துக்கு 119. அவகாசம் இருந்தால் பொலிஸ் நிலையத்துக்கு நேரே போய்த் தமிழில் முறைப்பாடு எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வையுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தனியே போகப் பயமென்றால் கிராம சேவகர், கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் ஒருவர், பாதிரியார், யாரையாவது கூட்டிக்கொண்டு போகலாம். எழுத மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் போங்கள், அதற்கு மேல் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனை அலுவலகங்கள் இருக்கின்றன.

பாடசாலைகளுக்கு ஒரு தனிச்சொல். மிச்சிகன் மாநிலத்தின் ஒக்ஸ்போர்ட் பாடசாலையில் 2021 நவம்பர் 30 காலை, ஒரு மாணவன் துவக்குப் படம் வரைந்து, எண்ணங்கள் நிற்கவில்லை, உதவுங்கள் என்று எழுதியிருந்ததை ஆசிரியர் கண்டார். பெற்றோரையும் கூப்பிட்டார்கள். ஆனால் புத்தகப்பையைத் திறந்து பார்க்கவில்லை, பிள்ளையை வகுப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். துவக்கு பைக்குள்தான் இருந்தது. நான்கு மாணவர்கள் இறந்தார்கள். இப்படி ஒரு தாளைக் கண்டால் அதிபர் பெற்றோர் முன்னிலையில் பையைத் திறந்து பார்க்க வேண்டும், பிள்ளையைத் தனியே விடக்கூடாது, வீட்டில் என்ன ஆயுதம் இருக்கிறது என்று பெற்றோரிடம் நேரே கேட்க வேண்டும், அன்றே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். வந்து சொன்ன மாணவனின் பெயர் அதிபருக்கும் ஆலோசனை ஆசிரியருக்கும் அப்பால் போகக்கூடாது. ஒரு தடவை அந்தப் பெயர் வெளியே வந்துவிட்டால் அந்தப் பாடசாலையில் இன்னொரு பிள்ளை வாய் திறக்காது.