ரங்குப்பெட்டி மூடியில் ஒட்டியிருந்த முகங்கள்

1978ஆம் ஆண்டு நான் கல்லூரி விடுதிக்கு வந்துசேர்ந்த அன்று, பக்கத்துக் கட்டிலில் இருந்த மூத்த மாணவர் ஒருவர் தமது ரங்குப்பெட்டியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் கமலஹாசனும் ஸ்ரீதேவியும் கோதுமை மாப் பசையால் ஒட்டப்பட்டிருந்தனர். இரண்டும் ‘பொம்மை’ என்னும் தமிழகச் சினிமா மாத இதழின் அட்டைகள். எழுபதுகளின் முற்பகுதியில் இலங்கையில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால் எங்களுக்கு முந்திய வகுப்பினர் கிழிந்த பழைய பிரதிகளையே கைமாற்றிப் படித்தனர். 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், யாழ்ப்பாண பஸ் நிலையத்தை அடுத்த கடைகளில் அம்முகங்கள் மீண்டும் கயிற்றில் தொங்கலாயின.

‘பொம்மை’யை 1966இல் தொடங்கியவர் படத் தயாரிப்பாளர் நாகிரெட்டியார். நாங்கள் சிறுவயதில் விழுந்து விழுந்து படித்த ‘அம்புலிமாமா’வும் அவருடைய நிறுவனத்தின் வெளியீடே. வேதாளத்தை விட்டு மீசை அரும்பும் வயதுக்கு வந்தவனுக்கு அடுத்து என்ன வேண்டும் என்பதை அந்த வீட்டார் நன்கு அறிந்திருந்தனர் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் நால்வர் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்குவோம். உள்ளே இருப்பதை நால்வரும் படிக்கலாம், அட்டையோ ஒருவனுக்குத்தான். ஆகவே ஒவ்வொரு மாதமும் துண்டுச் சீட்டுக் குலுக்கல் நடக்கும், சில வேளைகளில் அது கைகலப்பிலும் முடியும். அட்டைக்குரிய நடிகரைப் பற்றி உள்ளே ஒரு பக்கமே இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததன்று. பெரியவர்கள் கருதியதுபோல நாங்கள் ஏமாந்து வாங்கவில்லை. அந்த முகத்துக்காகவே வாங்கினோம்.

இதன் மறுபக்கத்தை 1986இல் லண்டனில் கண்டேன். படித்துக்கொண்டே பத்திரிகைக் கடையொன்றில் வேலை பார்த்தபோது, ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’, ‘ஜஸ்ட் செவன்டீன்’ முதலிய இளையோர் இதழ்களைத் தட்டில் அடுக்குவது என் பொறுப்பு. ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைக்கும்போது அட்டையின் மேற்பகுதி மாத்திரமே வெளியே தெரியும்; இதழின் பெயரும் பாடகரின் கண்களும் அங்கேதான் இருக்கும், அக்கண்களும் வாங்க வருபவரை நேராகப் பார்க்கும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் விலையைப் பார்ப்பதற்கு முன்னர் முகத்தைப் பார்த்தனர். இரு வாரங்களுக்கு ஒருமுறை வந்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ பாடல் வரிகளை அச்சிட்டதுடன் சுவரில் ஒட்டுவதற்கென்றே பெரிய படங்களையும் உள்ளே வைத்தது. எங்கள் துண்டுச் சீட்டுத் தகராற்றை அவர்கள் எப்படியோ அறிந்துவிட்டார்கள் என்று எண்ணிச் சிரித்தேன். விற்காத பிரதிகளைக் கட்டித் திருப்பி அனுப்பும் நாளில், எந்த முகம் விலைபோகவில்லை என்பதைக் கட்டின் கனமே சொல்லிவிடும்.

விடுதி வாசிகசாலையின் நிலைமை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அங்கு வரும் வார இதழ்களின் அட்டைகளை யாரோ இரவோடிரவாகக் கிழித்துவிடுவது வழக்கம். பொறுப்பாசிரியர் சலிக்காமல் பழுப்புத் தாளில் உறை தைத்து, இதழின் பெயரை மையினால் அழகாக எழுதி, மறுநாள் காலை மேசையில் அடுக்கிவைப்பார். உள்ளே தொடர்கதையும் துணுக்குகளும் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன. ஆயினும் அந்தப் பழுப்பு இதழ்களை ஆசிரியரைத் தவிர வேறெவரும் தொட்டு நான் பார்த்ததில்லை.