மங்கல் எங்கிருந்து வருகிறது?

நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையைப் படமெடுக்கும் வேலைக்கு வந்த முதல் ஆண்டில், ஒரு நாள் மாலை, படங்களைப் படித்துத் தரம் பிரிக்கும் மருத்துவர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். அன்று நான் எடுத்த படங்கள் அனைத்திலும், ஆள் மாறினாலும், வலக்கண் இடக்கண் என்று மாறினாலும், படச்சட்டத்தின் மேல் மூலையில் ஒரே இடத்தில் ஒரு வெளிர் புள்ளி இருந்தது. முதல் இரண்டு பேருக்கு அதைக் கொழுப்புப் படிவு என்று குறித்துவிட்டு, மூன்றாமவரின் படத்தைப் பார்க்கும்போதுதான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அது லென்ஸின் முகப்பில் ஒட்டியிருந்த தூசி. அன்றிலிருந்து, காலையில் கருவியை இயக்கியதும், அறையை இருட்டாக்கி, எதிரே யாரும் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுகிறேன். முகப்பு லென்ஸில் தூசியோ விரல் ரேகையோ இருந்தால் அந்த வெற்றுப் படத்தில் வெளிறித் தெரியும். உள்ளே சென்சாரில் படிந்த தூசி வேறு வகை. அது கருமையான சிறு புள்ளியாக விழுந்து, நீரிழிவு விழித்திரை நோயின் முதல் அடையாளமான நுண்நாளப் புடைப்பைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், இரண்டில் அதுவே அதிக ஆபத்தானது.

படம் மங்கலாக வந்துவிட்டால் உடனே மறுபடியும் பொத்தானை அழுத்தத்தான் கை போகிறது. அந்த அவசரத்தை அடக்கிக்கொண்டு, இந்த மங்கல் கருவியினுடையதா, என்னுடையதா, கண்ணினுடையதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டவற்றுள் முக்கியமானது. முதல் இரண்டும் திருத்திக்கொள்ள வேண்டிய பிழைகள்; மூன்றாவது, நோயாளியைப் பற்றிய ஒரு செய்தி.

பெரும்பாலான தொல்லை கண்ணின் பாவையில் தொடங்குகிறது. சொட்டு மருந்து இல்லாமல் படமெடுக்கும் கேமராக்கள், நோக்குவதற்குக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவதால், இருட்டறையில் பாவை தானாகவே விரிந்து நிற்கிறது. ஆனால் அது ஏறத்தாழ 4 மில்லிமீட்டராவது விரிந்தால்தான் படத்தின் ஓரங்கள் இருளாமல் வரும். ஃப்ளாஷ் ஒருமுறை அடித்ததும் பாவை சுருங்கிவிடும், அதுவும் ஒரு கண்ணில் அடித்தாலும் இரண்டு கண்களிலும் சுருங்கும். ஆகவே அடுத்த படத்துக்கு முன் சில நிமிடங்கள் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வரிசையில் ஆட்கள் நிற்கும்போது இந்தக் காத்திருப்புதான் முதலில் வெட்டப்படுகிறது, அதனாலேயே இரண்டாவது கண்ணின் படம் முதல் கண்ணின் படத்தைவிட எப்போதும் மோசமாக இருக்கிறது. நீண்ட காலமாக நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாவையை இயக்கும் நரம்புகளும் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், எவ்வளவு இருட்டில் எவ்வளவு நேரம் உட்கார வைத்தாலும் சிலருக்குப் பாவை விரிவதில்லை. அவர்களுடன் போராடுவதைவிட, அனுமதியும் வசதியும் உள்ள இடத்தில் பாவையை விரிக்கும் டிராபிகமைடு சொட்டு மருந்து இட்டு 15 முதல் 20 நிமிடம் பொறுப்பதே மேல். அடுத்த சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது என்பதையும், கண்ணில் கடுமையான வலியோ சிவப்போ வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் மருந்து இடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எடுப்பவரின் பிழை தன் வடிவத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். படத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் வெளிச்சம் படர்ந்தால் கேமரா பாவையின் நடுவிலிருந்து விலகியிருக்கிறது. ஓரம் முழுவதும் சுற்றிலும் வெண்பனி போலப் படர்ந்தால் கண்ணுக்கும் கேமராவுக்கும் உள்ள தூரம் சரியில்லை. படத்தின் கீழ்ப்பகுதியில் ஒளிக்கீற்றுகள் தெரிந்தால், அவை மேல் இமையின் மயிர்கள்; ஒளி பாவையில் குறுக்காகக் கடந்து போவதால் மேலே மறைப்பது கீழே தெரிகிறது. இதற்கு மேல் இமையை விரலால் மெதுவாக உயர்த்திப் பிடித்தால் போதும், ஆனால் விழிக்கோளத்தை அழுத்திவிடக் கூடாது. படம் முழுவதும் சீராக மங்கியிருந்தால், இரண்டு மூன்று முறை நன்றாகக் கண் சிமிட்டச் சொல்லி, உடனே எடுத்துப் பார்க்கிறேன். கண்ணீர்ப் படலம் காய்ந்ததால் வந்த மங்கல் என்றால் அதிலேயே போய்விடும். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நாமே சொல்லிவிட்டு, நிதானமாக ஃபோகஸ் செய்துகொண்டிருப்பதுதான் அந்தப் படலத்தைக் காய வைக்கிறது! 1886-இல் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் படமெடுத்தபோது ஒரு படத்துக்கு இரண்டரை நிமிடம் ஒளி பாய்ச்ச வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அந்த மனிதரின் பொறுமை வியப்பளிக்கிறது.

ஒவ்வொரு கண்ணுக்கும் 45 பாகைப் பரப்பில் இரண்டு படங்கள், ஒன்று விழித்திரையில் கூர்மையான பார்வை தரும் பகுதியான மாக்குலாவை நடுவில் வைத்தும், மற்றொன்று பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடமான பார்வை நரம்புத் தட்டை நடுவில் வைத்தும் எடுப்பது பரவலான வழக்கம். நான் மாக்குலாவையே முதலில் எடுக்கிறேன். பாவை இரண்டாம் முறை விரிய மறுத்துவிட்டாலும் பார்வைக்கு மிக முக்கியமான இடம் கையில் இருக்கும். இங்கிலாந்தின் நீரிழிவுக் கண் பரிசோதனைத் திட்டம் வகுத்துள்ள அளவுகோல் எனக்குப் பிடித்தது: மாக்குலாவின் மையக்குழி படத்தின் மையத்திலிருந்து ஒரு நரம்புத் தட்டின் விட்டத்துக்குள் இருக்க வேண்டும், மையக்குழியைச் சுற்றி அதே தொலைவுக்குள் ரத்தநாளங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும், படத்தின் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பரப்பில் நாளங்கள் புலப்பட வேண்டும். பெரிய நாளங்கள் ஃபோகஸ் சற்றுத் தவறினாலும் கூர்மையாக இருப்பதுபோல் ஏமாற்றும் என்பதால், மையக்குழியை நோக்கி ஓடும் மெல்லிய நாளங்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே ஒரு படத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒளி மிகுந்தால் நரம்புத் தட்டு வெளுத்து அதன்மேல் முளைத்திருக்கும் புதிய நாளங்கள் மறைந்துபோகும். குறைந்தால் சிறு ரத்தக்கசிவுகள் இருளில் கரைந்துவிடும். அந்தச் சிவப்புப் புள்ளிகளில் ஐயம் வந்தால், படத்தின் பச்சை நிறத் தளத்தை மட்டும் தனியே பார்த்தால் அவை கருத்து எடுப்பாகத் தெரியும். வலக்கண்ணின் படத்தில் நரம்புத் தட்டு வலப்புறம் இருக்கும் என்பதை நினைவில் வைத்தால் பெயர் மாற்றிச் சேமிக்கும் தவறும் குறையும்.

தூசி துடைத்து, தூரம் சரிசெய்து, சிமிட்டச் சொல்லி, பாவையையும் விரித்த பிறகும் மங்கல் போகவில்லை என்றால், அது பெரும்பாலும் கண்புரை. சில சமயம் கண்ணின் உட்கூழில் கசிந்த ரத்தம். இந்த இடத்தில்தான் புதியவர்கள் தங்கள் திறமைக்குறைவு என்று வெட்கப்பட்டு, பத்துப் பதினைந்து முறை ஃப்ளாஷ் அடித்து, நோயாளியையும் களைப்படையச் செய்து, கடைசியில் அவற்றுள் சுமாரான ஒன்றைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுகிறார்கள். படிக்க முடியாத படத்தை நோயில்லாத படமாக யாரும் எண்ணிவிடக் கூடாது. அந்த நோயாளி கண் மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு அனுப்பப்பட வேண்டியவர். நான் அத்தகைய கண்ணுக்கு மூன்று படங்களுக்கு மேல் எடுப்பதில்லை. மாறாக, கண்ணின் முன்பகுதியில் கேமராவை ஃபோகஸ் செய்து, பாவைக்குள் புரை தெரியும்படி ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிட்டு, “சொட்டு மருந்து இட்டும் தெளிவில்லை, லென்ஸ் சுத்தம் பார்க்கப்பட்டது” என்று குறிப்பெழுதுகிறேன். நான் எழுதும் அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு, தரம் பிரிப்பவர் படத்தைத் திருப்பி அனுப்பாமல், நோயாளியை நேராக மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறார்.